ஒருவர் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்: சிங்கிளாக வாழ்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கிளாக இருக்கும் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒருத்தர் வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். நல்ல கட்டில் வாங்குவது, ஆசைப்பட்ட ஊருக்குப் பயணம் போவது, வீட்டுச் சுவருக்குப் பிடித்த வண்ணம் அடிப்பது, காப்பீடு எடுப்பது, ஏன், ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியே கிளம்புவதுகூட இன்னும் வராத அந்த ஒருவருக்காகக் காத்துக் கிடக்கும். தனியாக வாழ்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. இப்போது வாழும் வாழ்க்கையைத் தற்காலிகம் என்று நினைத்துவிடுகிறோம். டேட்டிங்கில் அவசரப்படுவதும் அதனால்தான், வெளியே போகத் தயங்குவதும் அதனால்தான், அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இல்லாமல் நிற்பதும் அதனால்தான்.

முதலில் வெளியே போவதைப் பார்ப்போம், சரிசெய்ய எளிதானது இதுதான். கூட வர ஆள் கிடைக்கவில்லை என்றால் படம் வேண்டாம், கண்காட்சி வேண்டாம், இசை நிகழ்ச்சி வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். கேட்டால் இரண்டு காரணம் வரும்: தனியாகப் போனால் ரசிக்க முடியாது, போதாததற்கு எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு. ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வழியில் போகிறவர்களை ஓர் ஓவியக் காட்சிக்குள் சில நிமிடம் போய்வரச் சொன்னார்கள். தனியாக வந்தவர்கள் தங்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது என்றுதான் எதிர்பார்த்தார்கள். உள்ளே போய்வந்த பிறகு கேட்டால், துணையோடு போனவர்கள் ரசித்த அளவுக்கே அவர்களும் ரசித்திருந்தார்கள். அடுத்தவர் பார்வை பற்றிய பயத்தையும் சோதித்திருக்கிறார்கள். தாமஸ் கிலோவிச் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர். அந்தச் சட்டைக்கே இவ்வளவுதான் என்றால், தனியாக உட்கார்ந்து படம் பார்க்கிறவரை யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள்?

அதற்காக முதல் தடவையே ஏதாவது பெரிய கொண்டாட்டத்துக்குப் போய், ஓரமாக நின்றுவிட்டு, "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணுக்கோ கைக்கோ வேலை இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்: அருங்காட்சியகம், நடைபாதைகள் உள்ள பூங்கா, களிமண் வகுப்பு, பழைய புத்தகச் சந்தை. பெண்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு, யாராவது பார்ப்பார்களா என்பதைவிட பத்திரமாகத் திரும்ப முடியுமா என்பது. அது முழுக்க நியாயமான கவலை, கூச்சத்தோடு சேர்த்து அதை உதறித் தள்ளச் சொல்ல மாட்டேன். நேரத்தையும் திரும்பி வரும் வழியையும் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் பாதி பாரம் குறையும்.

நட்பு விஷயத்தில் பலர் செய்வது வேறு மாதிரித் தவறு. ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய நிகழ்ச்சி, புதிய முகங்கள், கை குலுக்கல், எண் பரிமாற்றம், அதோடு சரி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தொலைபேசியில் பெயர்கள் நிறைய இருக்கும், கூப்பிட ஒருவர் இருக்கமாட்டார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நல்ல நண்பராக ஏறக்குறைய 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகச் செலவாகிறது என்று கண்டார். ஒரு மாலைச் சந்திப்பில் இது நடக்காது. அதனால் அதே இடம், அதே நாள், அதே ஆட்கள் என்று திரும்பத் திரும்ப வரும் ஒன்றில் சேருங்கள்: வாரம் ஒரு முறை ஓடும் குழு, வாசகர் வட்டம், மொழி வகுப்பு, தன்னார்வப் பணி. முதல் மூன்று நான்கு வாரம் யாரும் உங்களோடு ஒட்டவில்லை என்றால் அது சாதாரணம், மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். அங்கே கிடைக்கும் மேலோட்டமான பழக்கங்களையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே காட்டிய விஷயம் இது: புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் நெருங்கியவர்களைவிட இப்படி லேசாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகின்றன. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் ஏற்கனவே தெரிந்ததுதான்.

அடுத்து, கல்யாணம், குழந்தை என்று குடும்பஸ்தர்களாகிவிட்ட நண்பர்கள். "அவங்களுக்கு இனி நேரம் இருக்காது" என்று நாமே ஒதுங்கிவிடுவது பெரிய இழப்பு. நீண்ட இரவுகள் அவர்களால் முடியாமல் போகலாம். அவர்கள் கடைக்குப் போகும்போது கூடப் போகலாம், குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது சேர்ந்துகொள்ளலாம். நாமாகக் கேட்க வேண்டும்.

சரி, டேட்டிங். அமெரிக்காவில் 2017இல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகத்தான் சந்தித்தார்கள் என்று சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழு 2019இல் எழுதியது. நண்பர்கள் மூலம் அறிமுகமாவதை அது முந்திவிட்டது. ஆகவே டேட்டிங் செயலியைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறு பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது.

நான் அதிகம் பார்ப்பது, வாரக்கணக்கில் சாட் செய்துகொண்டே இருப்பது. எழுத்தில் மட்டும் தெரிந்த ஒருவரைப் பற்றி மனசு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது, நமக்குப் பிடித்த குரல், நமக்குப் பிடித்த பொறுமை, நமக்குப் பிடித்த சிரிப்பு என்று. கடைசியில் நேரில் வருகிறவர் அந்தக் கற்பனை ஆளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது, பாவம், தோற்றுவிடுகிறார். கொஞ்ச நாள் பேசுங்கள், ஒரு வீடியோ காலில் முகம் பாருங்கள், சரியாகத் தோன்றினால் சீக்கிரம் சந்தித்துவிடுங்கள். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் போதும். முழு நாள் பயணம், நீண்ட இரவு விருந்து எல்லாம் முதல் தடவை வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் இருவருக்கும் அது தண்டனை, பிடித்திருந்தால் அடுத்த சந்திப்புக்கு இருவருக்குமே ஆசை மிச்சமிருக்கும்.

பட்டியல் போட்டுக்கொண்டு தேடுவதும் நினைக்கிற அளவுக்கு உதவாது. தோற்றம், வருமான வாய்ப்பு, பழகும் குணம் என்று காகிதத்தில் கேட்டதற்கும் நேரில் யாரைப் பிடித்தது என்பதற்கும் பெரிதாகத் தொடர்பு இல்லை என்று உளவியலாளர்கள் பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் இருவரும் 2008இல் காட்டினார்கள். ஃபிங்கெல் குழுவின் 2012 மதிப்பாய்வு, டேட்டிங் தளங்கள் பொருத்தம் பார்க்கும் கணிதமுறைகள் வேறு வழிகளைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றது. ஆக, செயலி காட்டும் 90 சதவீதப் பொருத்தத்தைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், குறைந்த எண்ணைப் பார்த்து ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம். ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத இரண்டு மூன்று விஷயங்கள் எல்லோருக்கும் இருக்கும், குழந்தை வேண்டுமா வேண்டாமா, எந்த ஊரில் வாழப்போகிறோம், நீண்டகால உறவா இல்லையா என்பது போல. மற்றதில் தாராளமாக இருந்துவிட்டு, இந்தக் கேள்விகளை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவதுதான் நல்லது. நிறையப் பேர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ரசனையில் கறாராக இருப்பார்கள், குழந்தை பற்றி ஒரு வருஷம் கழித்துத்தான் பேசுவார்கள்.

எதிரே உட்கார்ந்த பிறகு நடக்கும் தவறு ஒன்று உண்டு: தன்னை நிரூபிக்கப் பேசிக்கொண்டே போவது. கேரன் ஹுவாங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், எதிராளி சொன்னதையே பிடித்துக்கொண்டு மேலும் கேட்டவர்களுக்கு இரண்டாவது சந்திப்பு அதிகம் கிடைத்தது தெரியவந்தது. "வேலை என்ன, எந்த ஊர், எத்தனை பேர்" என்று வரிசையாகக் கேட்பது விசாரணை. "அந்த வேலையை விட்டேன்னு சொன்னீங்களே, அப்புறம் என்ன பண்ணீங்க?" என்பது கவனிப்பு, அது கேட்பவருக்கும் சுகமாக இருக்கும். முன்னாள் துணையைப் பற்றி ஒரு வரி போதும், அதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து "சொதப்பிட்டேன், அவங்களுக்கு என்னைப் பிடிக்கல" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எரிக்கா பூத்பி குழு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதியவர்களோடு பேசிய பிறகு, அவர்களுக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறோம். பிடித்திருந்தால் ஒரு செய்தி அனுப்புங்கள். யார் முதலில் அனுப்புவது என்று நாள் கணக்குப் பார்ப்பதில் நல்ல வாய்ப்புகள் வீணாகின்றன. பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்: "உங்களைச் சந்தித்ததில் சந்தோஷம், ஆனால் எனக்கு இது சரியாக வரும் என்று தோன்றவில்லை." இரண்டே வரி. பதில் சொல்லாமல் மாயமாகிவிடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். உங்களுக்கு அப்படி ஒரு செய்தி வந்தால், காரணம் கேட்டுத் துளைக்காமல் நன்றி சொல்லி விலகுங்கள். மறுப்பைக் கேட்ட பிறகும் மனதை மாற்றப் பார்ப்பது தொந்தரவு, அதற்கு வேறு பெயர் இல்லை. (எதிராளி மிரட்டினாலோ எல்லை மீறினாலோ விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் பிளாக் செய்துவிடுங்கள்.)

தனிமைப் பயத்தில் முடிவெடுப்பதுதான் எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தரும் தவறு. ஸ்டெஃபனி ஸ்பீல்மன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வுகள், சிங்கிளாக இருந்துவிடுவோமோ என்ற பயம் அதிகமுள்ளவர்கள் தங்களுக்குத் திருப்தி தராத உறவிலும் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அக்கறை காட்டாத ஆட்களிடமும் ஆர்வம் காட்டுவதையும் பதிவு செய்தன. மாலை நேரங்கள் காலியாக இருக்கும் ஒருவருக்கு, கேட்ட கேள்விக்கு மூன்று நாள் கழித்துப் பதில் சொல்லும் ஆள்கூட நம்பிக்கையாகத் தெரிவார். வாரத்தில் இரண்டு மாலை ஏற்கனவே நண்பர்களுக்கும் வகுப்புக்கும் போய்விடுகிறது என்றால் அதே ஆளைத் தெளிவாகப் பார்க்க முடியும். இதனால்தான் புதிதாக ஒருவர் வந்தவுடன் அந்த இரண்டு மாலையையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

பாதுகாப்பில் சோம்பல் கூடாது. முதல் சந்திப்பு பொது இடத்தில், போகவும் வரவும் உங்கள் சொந்த ஏற்பாடு, யாரை எங்கே சந்திக்கிறீர்கள் என்று ஒரு நண்பருக்குத் தெரிந்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிர முடியும், 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு முகவரியும் வேலை செய்யும் இடமும் சில சந்திப்புகள் வரை உங்களிடமே இருக்கட்டும். ப்ரொஃபைல் படத்தை கூகுள் லென்ஸில் ஒரு முறை தேடிப்பாருங்கள், திருடிய படமாக இருந்தால் பல சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

பண மோசடிக்காரர்களின் வழி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். வேகமாகப் பாசம், சந்திக்க முடியாத காரணம், வேறு செயலிக்கு வரச் சொல்வது, அப்புறம் ஓர் அவசரச் செலவு அல்லது கிரிப்டோ முதலீடு. முதலீட்டு மோசடியில் முதலில் போட்ட சிறு தொகையை லாபத்தோடு எடுக்கவும் விடுவார்கள், அதில்தான் நம்பிக்கை வரும். பெரிய தொகை உள்ளே போனதும் அதை எடுக்க வரி, கட்டணம் என்று மேலும் கேட்பார்கள். திரையில் தெரியும் லாபம் வெறும் எண். நேரில் பார்க்காத ஒருவருக்கு, எந்தக் கதை சொன்னாலும், பணம் அனுப்பாதீர்கள். அந்தரங்கப் படமும் வீடியோவும் அதே மாதிரிதான். மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுத்தால் நிற்காது, ஆதாரங்களை எடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையிடமும் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள். ஏமாந்தவருக்கு இதில் அவமானம் எதுவும் இல்லை.

கடைசியாக வீட்டுப் பக்கம். தனியாக வாழும்போது காய்ச்சலில் படுத்தால் யார் வருவார்கள் என்பதை நன்றாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கட்டும். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும், லாக் ஸ்கிரீனைத் திறக்காமலே மற்றவர்கள் பார்க்கும்படி அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் வசதி இருக்கிறது. சில நிமிட வேலைதான், ஆனாலும் நிறையப் பேர் அதைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் நாமினி யார் என்று எடுத்துப் பாருங்கள். எப்போதோ பிரிந்துபோன ஒருவரின் பெயர் இன்னும் அங்கே இருந்தால், அல்லது அந்த இடம் வெறுமையாக இருந்தால், அடுத்த வேலைநாளிலேயே போய் மாற்றிவிடுங்கள்.