துளையைத் தாங்கும் களிமண் கூழ்: பென்டோனைட் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரை மணலில் சின்ன வயதில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும். ஈரம் தட்டியதும் தண்ணீர் கசியத் தொடங்கும். அடுத்த கை மண்ணை அள்ளுவதற்குள் ஓரம் சரிந்து குழி மூடிக்கொள்ளும். சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் ஒரு மீட்டர் விட்டத்தில் இருபது மீட்டர் ஆழத்துக்கு பைல் துளை, அதாவது கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் தூணுக்கான துளை, போடும்போதும் இதேதான் நடக்கிறது. மணலைச் சரிய வைப்பது அதற்குள்ளிருந்து துளையை நோக்கி ஓடிவரும் நீர். அந்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டால் மணல் நிற்கும். தடுப்பதற்கு நாம் பயன்படுத்துவது பென்டோனைட் என்ற களிமண்ணைத் தண்ணீரில் கரைத்த கூழ்.

தளத்தில் பலரும் இதைச் 'சேறு' என்கிறார்கள். பைலிங் வேலையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், தவறுகள் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகின்றன. சேறு என்று நினைப்பவர் அதை அளந்து பார்க்க மாட்டார். ஊறவைக்கக் காத்திருக்க மாட்டார். எந்தத் தண்ணீரில் கரைக்கிறோம் என்று யோசிக்கவும் மாட்டார்.

இந்தக் களிமண்ணின் உயிர்நாடி மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். ஒரு நானோமீட்டர் அளவே தடிமன் உள்ள தகடுகள் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். இடையில் சோடியம் அயனிகள். நல்ல தண்ணீர் பட்டால் அது தாள்களுக்கிடையே புகுந்து அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். அப்படிப் பிரிந்த தகடுகள் இரண்டு வேலை செய்கின்றன. அசையாமல் விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூழ் இறுகுகிறது. கலக்கினால் மறுபடி இளகுகிறது. இரவு வைத்த கம்மங்கூழைக் காலையில் கரண்டியால் கிண்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இன்னொரு வேலை அதைவிட முக்கியமானது. துளைக்குள் நிற்கும் கூழ், சுவரின் மணலுக்குள் நுழையப் பார்க்கிறது. அதிலுள்ள தண்ணீர் மணலுக்குள் போகிறது, களிமண் சுவரிலேயே தங்கிவிடுகிறது. சில மில்லிமீட்டர் தடிமனில், ஊறிய அப்பளம் ஒட்டியது போல ஒரு படலம். கூழின் எடை அந்தப் படலத்தின் மேல் சாய்ந்துதான் சுவரைத் தாங்குகிறது. படலம் இருந்து அழுத்தம் இல்லாவிட்டாலும், அழுத்தம் இருந்து படலம் இல்லாவிட்டாலும் துளை நிற்காது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பல இந்த இரண்டில் ஒன்றைக் கெடுப்பவைதாம்.

கிடைத்த தண்ணீரில் கரைப்பது

கடற்கரைச் சாலை ஓரம் ஒரு தளம். லாரித் தண்ணீர் வரத் தாமதமானதால், பக்கத்திலிருந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டியை நிரப்பிவிட்டார்கள். அது உப்புக் கரிக்கும் தண்ணீர். மூட்டைகளைக் கொட்டிக் கலக்கியபோது வழக்கமான பழுப்பு நிறம்தான், பார்க்க ஒரு குறையும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியைப் பார்த்தால் மேலே தெளிந்த நீர் நிற்கிறது, களிமண் அடியில் பூப்பூவாகத் தங்கியிருக்கிறது. பால் திரிந்துபோன அதே தோற்றம். மேற்பார்வையாளர் இன்னும் சில மூட்டைகளைச் சேர்க்கச் சொன்னார். நானும் தடுக்கவில்லை. அன்றிரவு ஒன்பது மீட்டர் ஆழத்தில் துளை சரிந்தது. மறுநாள் அதை மணல் போட்டு மூடி, நல்ல தண்ணீரில் கரைத்து, முதலிலிருந்து தொடங்கினோம்.

உப்பு நீரில் அயனிகள் அதிகம். அவை தகடுகளைப் பிரியவிடாமல் நெருக்கிக் கொத்தாகச் சேர்த்துவிடுகின்றன. கொத்துச் சேர்ந்த களிமண் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதனால் அடைசலான படலம் போட முடியாது. மூட்டை கூட்டினால் எடை கூடும், கசிவு நிற்காது. கடின நீரிலும் கிட்டத்தட்ட இதே தொல்லை. அங்கே குற்றவாளி கால்சியம். ஆனால் கால்சியத்துக்கு வழி உண்டு: களிமண் போடுவதற்கு முன் தண்ணீரில் சிறிது சோடா சாம்பலைக் கரைத்தால் கால்சியம் பிரிந்து படிந்துவிடும். கடலுப்புக்கு அது மருந்தாகாது. நல்ல தண்ணீரில் முழுதாக ஊறிய கூழ், பிறகு துளைக்குள் உப்பு நீரைச் சந்தித்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உப்பு நீரிலேயே பிறந்த கூழ் தாக்குப்பிடிக்காது. ஆகவே கடலோரத் தளங்களில் கரைப்பதற்கான நீரை வெளியிலிருந்து கொண்டுவரும் செலவை முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள்.

சோதனைச் சாலை எதுவும் வேண்டாம். கரைத்த கூழில் கொஞ்சத்தைத் தெளிவான கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இரவு முழுவதும் ஆடாமல் வையுங்கள். காலையில் மேலே விரற்கடை அளவுக்குத் தெளிந்த நீர் நின்றால் அந்தத் தண்ணீரும் அந்த மூட்டையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

மூட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் பென்டோனைட் பெரும்பாலும் குஜராத்தின் கச்சிலிருந்தும் ராஜஸ்தானின் பார்மரிலிருந்தும் வருகிறது. எல்லாம் ஒரே தரம் அல்ல. பைல் வேலைக்கான இந்தியத் தர ஆவணமான ஐ.எஸ். 2911, நீர்ம எல்லை (களிமண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு) 400 சதவீதத்துக்குக் குறையாமலும், உப்புதல் அளவு (நீரில் ஊறி உப்பும் அளவு) 540 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும் என்கிறது. சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, மூட்டையில் உள்ள தொகுதி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊறவைக்காமல் ஊற்றுவது

அரைமணி ஊறிய உளுந்தை அரைத்து இட்லி ஊற்ற யாரும் துணிய மாட்டார்கள். பென்டோனைட்டை மட்டும் கரைத்த கையோடு துளைக்குள் அனுப்புகிறோம். தகடுகளுக்கிடையே நீர் புக நேரம் வேண்டும். சாதாரணக் கலப்பானில் கரைத்தால் ஓர் இரவாவது ஊற வேண்டும். அதிவேகக் கலப்பான் இருந்தால் நேரம் குறையும், அப்போதும் சில மணி நேரம் தேவை.

கரைக்கும் விதமும் முக்கியம். மூட்டையைப் பிரித்து ஒரே இடத்தில் கொட்டினால் கேழ்வரகு மாவு கட்டி தட்டுவது போலத் தட்டிவிடும். கட்டியின் வெளிப்பக்கம் ஊறி வழவழப்பாகிவிடுவதால் உள்ளே தண்ணீரே போகாது. நாள் முழுவதும் சுற்றினாலும் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். சுழலும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும்.

கணக்கு எளிது. நீரின் எடையில் ஐந்து சதவீதம் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு ஐம்பது கிலோ மூட்டை ஒன்று. ஒரு மீட்டர் விட்டம், இருபது மீட்டர் ஆழம் உள்ள துளை கிட்டத்தட்ட 15,700 லிட்டர் கொள்ளும். அதை நிரப்ப மட்டுமே பதினாறு மூட்டை. திடீரென்று கூழ் மண்ணுக்குள் இறங்கினால் ஈடுகட்ட இன்னொரு துளைக்கான கூழாவது ஊறித் தயாராக இருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் புதிதாகக் கரைத்தது உதவாது.

கெட்டியாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கை

கையை விட்டு எடுத்து, விரலிடுக்கில் வழிவதைப் பார்த்து "போதும்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் இந்த வேலைக்கு ஒரு கூம்பு இருக்கிறது. 1931-இல் ஹாலன் மார்ஷ் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்காக அறிமுகப்படுத்திய மார்ஷ் கூம்பு. அடித்துளையை விரலால் மூடி, மேலே உள்ள வலை வழியாக ஒன்றரை லிட்டர் கூழை ஊற்ற வேண்டும். விரலை எடுத்த நொடியில் ஸ்டாப்வாட்ச் ஓட வேண்டும். 946 மில்லிலிட்டர் வடிய ஆகும் வினாடிகள்தாம் அளவு. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: 26 வினாடி வர வேண்டும். 28, 29 என்று காட்டினால் கூம்பின் வாயில் நேற்றைய கூழ் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அந்தக் கூம்பில் எடுத்த அளவுகள் எல்லாம் பொய்.

ஐ.எஸ். 2911 சொல்வது 30 முதல் 60 வினாடி. தனிப்பட்ட சூழல்களில் 90 வரை. புதுக் கூழின் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், 1.03 முதல் 1.10 வரை. அதற்கு மேல் கெட்டியாக்கினால் என்ன கெடுதல்? படலம் தடித்துவிடும். பைலுக்கும் மண்ணுக்கும் நடுவே வழவழப்பான மெத்தை ஒன்று உட்கார்ந்துகொள்ளும்; பக்க உராய்வை நம்பி வடிவமைத்த பைல் அதன் பலத்தை இழக்கும். கான்கிரீட் துளையின் அடியிலிருந்து மேலேறும்போது கெட்டிக் கூழ் முழுதாக விலகாது, கம்பிக் கூண்டின் மூலைகளில் சிக்கிக்கொள்ளும். துளையைத் தோண்டிவிட்டுக் கூண்டு வரவில்லை என்று நாள் கடத்தினாலும் இதே விளைவுதான். நிற்கும் நேரம் முழுவதும் படலம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மட்டத்தைக் கவனிக்காமல் விடுவது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதனால் கணக்கோடு சொல்கிறேன். நிலத்தடி நீர்மட்டத்துக்குப் பத்து மீட்டர் கீழே உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து நீர் தள்ளும் அழுத்தம் பத்து மீட்டர் நீருக்குச் சமம். துளைக்குள் கூழின் அடர்த்தி 1.05, அதன் மட்டமும் வெளி நீர்மட்டமும் ஒன்று என்றால் உள்ளிருந்து தள்ளுவது 10.5 மீட்டர். மிச்சம் அரை மீட்டர்தான். கூழை நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே நிறுத்துங்கள்: உள் அழுத்தம் 12 மீட்டரைத் தாண்டும், மிச்சம் இரண்டு மீட்டருக்கு மேல். அதே கூழ், நான்கு மடங்கு தாங்குதல். இப்போது யாரோ பம்பை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போக, மட்டம் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது என்று வையுங்கள். உள்ளே 9.45 மீட்டர். ஓட்டம் திசை மாறி, வெளிநீர் உள்ளே வருகிறது. படலம் உரிந்து விழுகிறது. உலகத்திலேயே சிறந்த பென்டோனைட் உள்ளே இருந்தாலும் துளை போய்விடும்.

நீர்மட்டமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மண் ஆய்வு மே மாதத்தில் நடந்திருக்கும், பைல் வேலை நவம்பரில் நடக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் மட்டம் ஏறிவிடும். மழைநீர் துளைக்குள் வழிந்து கூழை நீர்க்கச் செய்வது வேறு. எனவே தளத்தின் ஓரத்தில் ஒரு கண்காணிப்புக் குழாய் போட்டு, காலையும் மாலையும் நாடா விட்டு அளந்து எழுதுங்கள். அழுத்த நீர்ப்படுகை, அதாவது நிலத்தடியில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர், உள்ள இடங்களில் கண்ணுக்குத் தெரியும் மட்டத்தை நம்பவே கூடாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அத்தகைய நீர் இருப்பதால்தான் சுரங்கத்தைச் சுற்றி ஓயாமல் நீரை இறைக்கிறார்கள். அப்படிப்பட்ட அடுக்கைத் துளை தொட்டால் நீர் கூழை மேலே தள்ளிக்கொண்டு வரும்.

துளையிடும் வாளியை வேகமாக இழுப்பதும் மட்டத்தைக் கெடுப்பதற்குச் சமம். வாளி ஏறும்போது அதற்குக் கீழே ஊசிக்குழல் போல உறிஞ்சல் ஏற்படும். இயந்திர ஓட்டுநரிடம் ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்று விரட்டினால் அவர் வேகமாகத்தான் இழுப்பார். அது அவர் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

பழைய கூழை அப்படியே திருப்பி எடுப்பது

கூழ் விலை உயர்ந்தது, மறுபடி பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும். ஆனால் கான்கிரீட்டுக்கு மிக அருகில் இருந்து கடைசியாக வெளிவரும் பகுதி சிமெண்ட்டின் கால்சியத்தைக் குடித்துத் தயிர் போல உறைந்திருக்கும். அதைத் தொட்டியில் விட்டால், உறை குத்தியது போல நல்ல கூழையும் கெடுத்துவிடும். பிஎச் காட்டும் தாளை ஒரு முறை நனைத்துப் பாருங்கள். வரம்பு 9 முதல் 11.5. அதைத் தாண்டியதைத் தனியே ஒதுக்குங்கள். மணலையும் பிரித்தெடுத்த பிறகே அடுத்த துளைக்கு அனுப்ப வேண்டும்.

கான்கிரீட் போடும் முன் துளையின் அடியிலிருந்து மாதிரி எடுத்து எடை பாருங்கள், மேலிருந்து அல்ல. அடர்த்தி 1.25-ஐத் தாண்டினால் துளையை மறுபடி அலசியாக வேண்டும், கான்கிரீட் வண்டி வாசலில் நின்றாலும்.

எல்லா இடத்திலும் இதையே நம்புவது

இறுகிய களிமண்ணுக்குள் கூழ் ஊடுருவாது, அங்கே படலம் உருவாகவும் செய்யாது, தேவையும் இல்லை. பெரிய கூழாங்கற்களும் பாறை வெடிப்புகளும் உள்ள அடுக்கில் இடைவெளி பெரிது, கூழ் நின்று படலம் போடாமல் ஓடியே போய்விடும். அங்கே இரும்பு உறைக்குழாய்தான் வழி. நீர்மட்டத்துக்கு மேலே, ஆழ்துளைக் கிணற்றின் உறைக்குழாயைச் சுற்றி வெறும் பென்டோனைட் கூழை ஊற்றிக் கழிவுநீரைத் தடுத்துவிட்டதாக நினைப்பதும் ஆபத்து. கோடையில் அது வறண்டு, ஏரிப்படுகை போல வெடித்து, மேல்நீர் இறங்க வழிவிடும். அந்தப் பகுதிக்குச் சிமெண்ட் கலந்த அடைப்பு வேண்டும்.

வேலை முடிந்த பிறகு மிஞ்சும் கூழை இரவில் மழைநீர் வடிகாலில் திறந்துவிடும் பழக்கம் நெஞ்சைப் பிசைகிறது. துளைச் சுவரில் எந்தக் குணத்துக்காக இதைத் தேடி வாங்கினோமோ, அதே குணத்தோடு இது கால்வாயின் அடியிலும் குளத்தின் தரையிலும் படிந்து, நீர் மண்ணுக்குள் இறங்கும் துளைகளை அடைத்துவிடும். வடிகாலின் கொள்ளளவும் குறையும். கூழைத் தொட்டியில் படியவிட்டு, தெளிந்த நீரைப் பிரித்து, மீந்த களிமண்ணை உலர்த்தி அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டிக்குப் பணம் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஒரு நாளாவது அந்த வண்டியின் பின்னாலேயே போய், அது எங்கே கொட்டுகிறது என்று நேரில் பாருங்கள்.