பழைய அம்பாசிடர் பிரேக் ட்ரம்: கடையலாமா, காயலான் கடைக்குப் போடலாமா?

பிரேக் புடிச்சா கர்ருனு சத்தம் வருதுன்னு, உள்பக்கம் கோடு கோடா தேஞ்ச ட்ரம்மை கழட்டி நேரா லேத்துக்கு தூக்கிட்டுப் போயிடறாங்க நெறய பேரு. கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் லேத்துக்கு பஞ்சமே இல்லீங்க, "கோடு போற வரைக்கும் கடைஞ்சு குடுங்ணா"ன்னா அவரும் கடைஞ்சு குடுத்துருவாரு. கடைஞ்ச பொறகு மிச்சம் என்ன இருக்கும்னு பாக்க வேண்டியது நாமதான்.

கழட்டுனதும் தூசிய ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல, அதாவது ட்ரம்முல உரசற பிரேக் ஷூ மேல ஒட்டியிருக்கற பட்டையில, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணில துடைங்க. அப்புறம் ட்ரம்மை கம்பில தொங்க விட்டு சின்ன சுத்தியல்ல ஒரு தட்டு. கணீர்னு கேட்டா சரி, டொக்குனு செத்த சத்தம் வந்தா விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். போல்ட் ஓட்டையில இருந்தோ விளிம்புல இருந்தோ விரிசல் ஓடியிருந்தா அளக்கவே வேண்டாம், காயலான் கடைதான்.

இப்ப அளவு. ட்ரம் மேல அதிகபட்ச விட்டம் அடிச்சிருந்தா அதுதான் கணக்கு, இல்லீன்னா வண்டியோட மேனுவல். ரெண்டும் இல்லாத பழைய ட்ரம்முக்கு ஒரிஜினல் விட்டத்துக்கு மேல 60 தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒண்ணு), அதாவது 1.5 மில்லி வரைக்கும்னு பொதுவா ஒரு வழக்கம் இருக்கு, நான் அதை எல்லைன்னு எடுத்துக்குவேன், அதுக்கு முன்னாடியே நிப்பாட்டிக்குவேன். உள்விளிம்புல ஷூ தொடாத வரப்பு இருக்கும் பாருங்க, அதை அளந்து இதுதான் ஒரிஜினல்னு நம்பிராதீங்க, முன்னாடி யாராச்சும் கடைஞ்சிருந்தா அந்த வரப்பையும் சேத்துத்தான் கடைஞ்சிருப்பாங்க. ஷூ தேய்ச்ச எடத்துல நாலு திசையில, வாய்ப்பக்கம் ஒருக்கா உள்பக்கம் ஒருக்கா அளங்க. நாலும் ஒண்ணா வரலீன்னா ஓவல், பெடல் காலை உதைக்கிறது அதனாலதான். இருக்கறதுலயே பெரிய அளவை எடுத்துக்குங்க.

நெறய பேரு கோட்டை விடறது இங்கதான்: கோட்டோட ஆழத்தை ரெண்டால பெருக்கணுங்க, ஏன்னா ரெண்டு பக்கமும் கடையுது. 9 இன்ச் ட்ரம்னு வெச்சுக்கலாம், 228.6 மில்லி, எல்லை 230.1. உங்களுது இப்ப 229.2, கோடு ஆழம் 0.3. கடைஞ்சா 229.8. எல்லைக்குள்ளதானேன்னு தோணும், ஆனா இனி தேயறதுக்கு 0.3தான் மிச்சம், குறைஞ்சது முக்கால் மில்லியாவது இருக்கணும். அதனால நான் கடைய மாட்டேன். மெலிசான ட்ரம் வால்பாறையில இருந்து ஆழியாருக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவு எறங்கறப்ப சீக்கிரமா சூடாகி விரியும், பெடல் கீழ கீழ போயிட்டே இருக்கும்.

நீலமா பளபளன்னு திட்டு இருந்தா சூட்டுல அந்த எடம் இறுகிப் போச்சுன்னு அர்த்தம், லேத் டூல் அது மேல ஏறி எறங்கும், கடைஞ்சும் மறுபடி மேடு தட்டும்.

அளவு ஒத்து வந்தா அதே ஆக்சில்ல இருக்கற ரெண்டு ட்ரம்மையும் ஒட்டுக்கா குடுங்க, கால் மில்லிக்கு மேல வித்தியாசம் வந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹப் மேல (சக்கரம் மாட்டற நடுப்பாகம்) உக்கார்ற முகத்தை துரு போக தேய்ச்சுக் குடுத்து, நடு ஓட்டைய வெச்சு சென்டர் பண்ணச் சொல்லுங்க, வெளிப்பக்கம் கரடுமுரடா இருக்கும், அதைப் புடிச்சு கடைஞ்சா மையம் விலகித்தான் வரும். விட்டம் பெருசானதால பழைய ஷூ நடுவுல மட்டும்தான் தொடும், சித்த தடியான லைனிங் ஒட்டி புது விட்டத்துக்கு வளைவா அரைச்சுப் போட்டுக்குங்க.