தென் ஸ்பெயினில் எந்தக் கடற்கரைக்குப் போவது?

தென் ஸ்பெயினின் அந்தலூசியா பகுதிக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் கடற்கரையை முடிவு செய்கிறார்கள். படத்தில் காற்று தெரியாது. அந்தக் கரைகளில், குறிப்பாக ஜிப்ரால்டர் நீரிணைப் பக்கம், உங்கள் நாள் எப்படிப் போகும் என்பது காற்றின் கையில்தான் இருக்கிறது.

படி 1: கடலைத் தேர்ந்தெடுங்கள்

நீரிணைக்கு மேற்கே காடிஸ், ஹுவெல்வா மாகாணங்கள். இது அட்லாண்டிக். அகலமான வெளிர்மணல், நல்ல அலை. கடல் வற்றும்போது கரை வெகுதூரம் விரியும், ஏறும்போது துண்டும் செருப்பும் நனையும். கிழக்கே மாலகா, கிரனாடா, அல்மேரியா. இது மத்தியதரைக் கடல். ஏற்றவற்றம் பெயருக்குத்தான், அதனால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் சுலபம்.

படி 2: முந்தைய இரவே காற்றின் திசையைப் பாருங்கள்

வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கிழக்கிலிருந்து அடிப்பது லெவான்டே, மேற்கிலிருந்து வருவது போனியென்டே. லெவான்டே பலமாக அடிக்கும் நாளில், நீரிணையோரத் தாரிஃபா ஊரில் பறக்கும் மணல் காலில் ஊசியாய்க் குத்தும். பெரிய பட்டத்தைப் பிடித்து அலைமேல் சறுக்கும் கைட்சர்ஃபிங் செய்கிறவர்களுக்குத் திருவிழா, குடை விரிக்க வந்தவர்களுக்குத் தண்டனை.

அதற்காக அறையிலேயே உட்கார வேண்டாம். கிழக்குக்கு முதுகு காட்டும் கரையாகத் தேடுங்கள். காடிஸ் பழைய நகரத்தின் லா கலேத்தா அப்படிப்பட்டது. மேற்கு பார்த்த சின்னக் கரை, இரண்டு பக்கமும் கோட்டை, பின்னால் ஊரே மதில். கோனில் என்ற ஊருக்கு அருகே செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே ஒதுங்கிய குட்டிக் கரைகளும் உதவும்.

காற்று அடங்கிய நாளைத் தாரிஃபாவுக்கு அருகிலுள்ள போலோனியா கரைக்கு ஒதுக்குங்கள். பெரிய மணல்மேடு, கரையை ஒட்டியே பாயெலோ கிளாவுதியா என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள். எனக்கு இந்தக் கரையோரத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

படி 3: கார் இருக்கிறதா?

இல்லையென்றால் மாலகாவில் தங்குங்கள். அங்கிருந்து உள்ளூர் ரயில், விமான நிலையம் வழியாக, தொர்ரெமொலினோஸ், ஃபுவென்ஹிரோலா வரை போகிறது. மணல் பழுப்பு, பின்னால் அடுக்குமாடிகள். அழகு குறைவுதான், வசதிக்குக் குறையில்லை.

கார் இருந்தால் அல்மேரியாவின் காபோ தெ காட்டா இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். எரிமலைப் பாறைகளுக்கு நடுவே மோன்சுல், ஹெனோவேசெஸ் கரைகள். கடை கிடையாது, நிழலும் அரிது. தண்ணீரும் குடையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கோடையில் வாகன நிறுத்தம் சீக்கிரமே நிரம்பிவிடும், அப்புறம் பக்கத்து ஊரான சான் ஹோசேயிலிருந்து பேருந்துதான்.

படி 4: சில்லறை விஷயங்கள்

கிரனாடா கரையில் அல்முன்யேகர் பக்கம் கூழாங்கல் அதிகம், ரப்பர் செருப்பு அவசியம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது, மஞ்சளென்றால் கவனம். மாலகா பக்கம் கரையோரக் கடைகளில், மணல் நிரப்பிய படகில் விறகுத் தீ மூட்டி, குச்சியில் கோத்த மத்தி மீனைச் சுடுவார்கள். பன்னிரண்டு மணிக்கே பசியோடு போய் நிற்காதீர்கள், அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிவாக்கில்தான் சூடுபிடிக்கும்.