ஒரு நாளைக்கு உங்கள் உடம்பு எவ்வளவு ஆற்றலை எரிக்கிறது? நீங்களே கணக்குப் போடுங்கள்

சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம், கல்லீரல், மூளை, சிறுநீரகம் எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் ஆற்றல் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. அதனால் நடந்த தூரத்தை விட்டுவிட்டு முதலில் இதைக் கணக்கிடுங்கள்.

1990-ல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் போதும். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்கி, உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதில் வயதின் 5 மடங்கைக் கழியுங்கள். அப்புறம் ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். 35 வயது, 60 கிலோ, 160 செ.மீ. உள்ள பெண்ணுக்கு 600 + 1000 − 175 − 161, ஆக ஒரு நாளைக்கு 1264 கிலோகலோரி (பேச்சில் 'கலோரி' என்பது இதைத்தான்).

சரி, இது ஓய்வுச் செலவு மட்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை என்றால் 1.2-ஆல் பெருக்குங்கள் (சுமார் 1517), ஓரளவு உடற்பயிற்சி உண்டு என்றால் 1.55 (சுமார் 1959). இந்த இடத்தில்தான் எல்லோரும் தாராளமாகிவிடுகிறார்கள், சந்தேகம் இருந்தால் சின்ன எண்ணையே எடுங்கள்.

இந்தச் செலவை நேரடியாக அளக்க வேண்டும் என்றால், ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள்; 1 லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கிலோகலோரி. ஸ்மார்ட் கைக்கடிகாரம் காட்டும் எண் இப்படி அளந்தது இல்லை, இதயத் துடிப்பையும் அசைவையும் வைத்துப் போடும் ஊகம், பெரிதாக நம்ப வேண்டாம்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு: சில வாரம் சாப்பிடுவதை எழுதி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். எடை அசையவில்லை என்றால், சாப்பிட்ட கலோரியின் ஒரு நாள் சராசரிதான் உங்கள் செலவு.