ஒரு நிமிட சுய அறிமுகம்: எங்கே சறுக்குகிறோம்?

புதிய வகுப்பின் முதல் நாள். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள். "என் பெயர் இது, ஊர் இது. அப்பா இந்த வேலை, அம்மா இந்த வேலை. ஒரு தம்பி. பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, புத்தகம் படிப்பது. நன்றி." முப்பது பேர் இருந்தால் இருபது பேர் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். பெயரும் ஊரும் மட்டும் மாறும். மாலையில் வகுப்பு முடிந்து போகிறவரை நிறுத்தி, யார் யார் நினைவில் இருக்கிறார்கள் என்று கேட்டால் மூன்று பேரைச் சொல்வார். நாலாவது பெயருக்குத் தலையைச் சொறிவார்.

பல வருடங்களாக இந்த முதல் நாளை ஆசிரியர் நாற்காலியிலிருந்து பார்த்து வருகிறேன். நினைவில் நிற்கும் அந்த மூன்று பேர் பெரிய பேச்சாளர்களாக இருப்பதில்லை. திக்கித் திணறிப் பேசியவர்கூட அதில் இருப்பார். தங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை, வேறு யாரும் சொல்ல முடியாதபடி சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, பெரிய தவறு சுய அறிமுகத்தை பயோடேட்டாவாக நினைப்பது. பிறந்த தேதி, படித்த பள்ளி, வாங்கிய மதிப்பெண் எல்லாம் விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் இருப்பவர்களுக்கு வேண்டியது ஒரு பிடி. இடைவேளையில் உங்கள் பக்கம் வந்து "நீங்கதானே அந்த..." என்று பேச்சை ஆரம்பிக்க ஒரு காரணம். "எனக்குப் பழைய பொருட்களில் ஆர்வம் உண்டு" என்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரு மாணவர் இதையே இப்படிச் சொன்னார்: "ஓடாத கடிகாரம் கிடைத்தால் பிரித்துப் பார்ப்பேன். இதுவரை ஆறு பிரித்திருக்கிறேன். இரண்டைத்தான் திரும்ப ஓட வைக்க முடிந்தது." வகுப்பு சிரித்தது. அவர் நகைச்சுவைக்கு முயலவே இல்லை. எண்ணிக்கையை உள்ளபடி சொன்னார். தோற்ற நாலையும் மறைக்காமல் சொன்னதுதான் அதற்கு உயிர் கொடுத்தது.

"எனக்குச் சொல்ல அப்படி எதுவுமே இல்லையே" என்பார்கள். இருக்கும். பொழுதுபோக்கு என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, போன வாரம் நேரம் போவது தெரியாமல் எதில் மூழ்கியிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது பெயர். பேச்சிலேயே முக்கியமான சொல் அதுதான், ஆனால் அதைத்தான் எல்லோரும் விழுங்குகிறார்கள். நடந்து வரும்போதே சொல்லிவிடுவார்கள். முன்னால் பேசியவருக்கான கைதட்டல் ஓய்ந்திருக்காது, நாற்காலி இழுபடும் சத்தத்தில் பெயர் போய்விடும். ஏற்கெனவே பெயர் என்பது மனதில் ஒட்டாத சரக்கு. ஆங்கிலத்தில் பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர். அது ஒரு குடும்பப் பெயரும்கூட. 1987இல் வெளியான ஓர் ஆய்வில் முகங்களைக் காட்டி, பெயரையும் தொழிலையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே சொல் தொழிலாக வந்தபோது நினைவில் நின்றது, பெயராக வந்தபோது நழுவியது. தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை என்று மனம் பற்றிக்கொள்ள ஏதோ இருக்கிறது. வெறும் பெயருக்கு அது இல்லை.

எனவே அதை நாம்தான் தர வேண்டும். இளவேனில் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வந்து நின்று, ஒரு மூச்சு விட்டு, வகுப்பு அடங்கிய பிறகு: "என் பெயர் இளவேனில். கொட்டுகிற மழையில் பிறந்தவளுக்கு இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள்." போதும், இனி மறக்காது. வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயரால் கூப்பிட்டால் பிடிக்கும் என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வருடம் முழுக்க யாரோ வைத்த பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு தவறு வாய் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. என் கதையையே சொல்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் என் முறை வருவதற்குள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முந்தியவர் பேசி முடித்தார். நான் எழுந்து, தயாரித்ததை அப்படியே சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவர் இறுதியில் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன்! ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை. மறுநாள் பக்கத்து இடத்தில் உட்கார்ந்த அவரிடமே பெயரைக் கேட்டு அசடு வழிந்தது தனிக் கதை. இது எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973லேயே இதை ஆராய்ந்திருக்கிறார். வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துப் பேசும்போது, தன் முறைக்குச் சற்று முன் பேசப்பட்டதுதான் மனிதர்களுக்கு மிகக் குறைவாக நினைவிருக்கிறது. தயாரிப்பை முதல் நாள் இரவே முடித்துவிட்டு, வகுப்பில் காதைத் திறந்து வைப்பதுதான் வழி. முன்னால் பேசியவர் சொன்னதைத் தொட்டு ஒரு வரி ஆரம்பித்தால் பாதிப் பதற்றம் அப்போதே போய்விடும்.

தயாரிப்பது என்றால் முழுதாக எழுதி நெட்டுருப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இதில் தமிழில் பேசுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. பேனாவை எடுத்தவுடன் நம் கை வேறு தமிழுக்குப் போய்விடும். "இவ்வகுப்பில் இணைந்தமைக்கு மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்" என்று எழுதிவிடுவோம். அதை மனப்பாடம் செய்து நின்றால் குரலே நம்முடையதாக இருக்காது. நடுவில் "இணைந்தமைக்கு" மறந்தால் அடுத்த சொல்லும் வராது. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சங்கிலியும் கையோடு வந்துவிடும். அதற்குப் பதில் ஒரு சின்னத் தாளில் மூன்று சொல் மட்டும் எழுதுங்கள்: பெயர், கடிகாரம், கேள்வி. ஆரம்ப வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் நெட்டுருவாக இருக்கட்டும். நடுவில் ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறினாலும் பரவாயில்லை, மாறினால்தான் நல்லது.

அப்புறம், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் பேசும்போது யாருக்கும் நாக்கு குழறுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை, நேரமும் ஆவதில்லை. ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஐம்பது நொடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். நீள்கிறது என்றால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு விஷயத்தை வெட்டுங்கள்.

மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். "எனக்குப் பேசவே வராது, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க" என்றதும், அதுவரை எதையும் கவனிக்காதவர்கூடக் கை நடுங்குகிறதா என்று பார்க்க ஆரம்பிப்பார். உள்ளே இதயம் அடித்துக்கொள்வது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் இதைச் சோதித்தார்கள். பேசியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்களது பதற்றம் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது, அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உங்களிடமும் சொல்லியாயிற்று.

பிறரைக் கிண்டல் செய்யும் ஜோக், தற்பெருமைப் பட்டியல், முதல் நாளே சொந்தச் சோகம்: மூன்றும் வேண்டாம், விளக்கமும் தேவையில்லை.

முடிவைத்தான் யாரும் தயாரிப்பதே இல்லை. "ம்ம்... அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே பாதி வழி நடந்திருப்பார்கள், "நன்றி" நாற்காலிக்குப் போய்த்தான் வரும். பெயரை இன்னொரு முறை சொல்லி, கேட்பவருக்கு ஒரு கேள்வியோ வேலையோ கொடுத்து நிறுத்துங்கள். அந்தக் கடிகார மாணவர் தன் பெயரைத் திரும்பச் சொல்லிவிட்டு, "வீட்டில் ஓடாத கடிகாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், உத்தரவாதம் கிடையாது" என்றார். மறுநாள் காலை அவர் மேசையில் இரண்டு கைக்கடிகாரங்களும் ஓர் அலாரமும் கிடந்தன.