வீவக வீட்டறையில் மிருதங்கம் பழக ஒலியைச் சீர்செய்யும் முறை

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மிருதங்கம் பழகுகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு: அறைக்குள் மிருதங்கச் சொற்கள், அதாவது ஒவ்வோர் அடியின் ஒலியும், தெளிவின்றிக் குழம்புவது ஒன்று, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்துச் சுவரெங்கும் நுரைப்பஞ்சை ஒட்டிவிடுகிறவர்கள் பலர். அதனால் முதல் தொல்லை ஓரளவு தீரும், இரண்டாவது சற்றும் தீராது.

செலவு செய்வதற்கு முன் அறையின் நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டிக் கேளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்வதால், 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் வெறுஞ்சுவர்களுக்கிடையே போய்த் திரும்ப அதற்கு 17 மில்லிநொடி போதும். அவ்வளவு நெருங்கி வரும் பிரதிபலிப்புகளைச் செவி தனித்தனியாக எண்ணாமல், 'ட்ர்ர்' என்ற ஒரே கரகரப்பாக உணர்கிறது. அந்தக் கரகரப்பு கேட்டால் அறையில் எதிர்முழக்கம், அதாவது ஒலி உடனே அடங்காமல் தங்கி ஒலிப்பது, மிகுதி என்று கொள்ளலாம்.

எவ்வளவு மிகுதி என்பதைக் கணக்கிடவும் முடியும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றைச் சீர்செய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் அளந்து ஒரு விதியைக் கண்டார்: அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உட்கவரும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரம் நொடியில் கிடைக்கும். 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரமுள்ள அறையில் வெறுந்தரையும் சுவரும் மட்டுமே இருந்தால், அது 2 நொடியை எட்டக்கூடும். நொடிக்கு எட்டுச் சொல் வாசிக்கும் வேகத்தில், அடுத்த சொல் விழுவதற்குள் முந்தைய சொல் 4 டெசிபல்கூடத் தணிந்திராது. விரல் சரியாக விழுந்ததா என்பதே புலப்படாது. எதிர்முழக்கத்தை அரை நொடியாகக் குறைத்தால் அதே இடைவெளியில் 15 டெசிபல் தணியும். இதற்கு ஒரு பஞ்சுமெத்தை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கைதட்டிப் பாருங்கள்.

இவையெல்லாம் வலக்கை வாசிக்கும் பக்கமான வலந்தலையின் சாப்பு என்னும் அடிக்கு நன்றாக உதவும். இடக்கை வாசிக்கும், தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பிக்கு உதவுவது குறைவு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர்; 5 சென்டிமீட்டர் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது. அங்கே உட்காரும் இடமே மருந்து. மூலையில் உட்கார்ந்தால் தாழ்ந்த ஒலிகள் வீங்கிக் கேட்கும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அவற்றுள் சில மெலிந்துபோகும். நீளவாட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்து, அங்கிருந்து சற்று முன்னும் பின்னும் நகர்ந்து கேட்டு இடத்தை உறுதி செய்யுங்கள்.

பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே உள்ள பாதுகாப்பறைக்குள், போய் வாசிக்கச் சொல்வார்கள். அதன் தடித்த கான்கிரீட் சுவர் ஒலியை வெளியே விடாது என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் ஒன்றரை மீட்டர் அகலமே உள்ள அந்த அறை 116 ஹெர்ட்ஸ் அருகில் தானாகவே ஒத்ததிரும்; அந்தச் சுருதியில் தொப்பி விழுந்தால் காது அடைத்துவிடும். என் கருத்தில் அது அரிசி மூட்டைக்கே உகந்த இடம்.

கீழ்வீட்டுக்கு ஒலி செல்வது பெரும்பாலும் தரை வழியாகத்தான். ஆகவே வாத்தியம் தரையைத் தொடாதபடி, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் மெத்தையிட்டு அமருங்கள். கதவின் அடி இடுக்கையும் அடைத்துவிடுங்கள். சன்னலை மூடி ஏர்கான் போட்டால், உலர்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும் என்பதை மறவாமல், அறை குளிர்ந்த பிறகே சுருதி சேர்க்கவும்.

இன்னொன்று: ஒலி குறையக் குறைய நம் செவி தாழ்ந்த அதிர்வெண்களைத்தான் முதலில் கைவிடுகிறது. ஒலியைத் தணித்து வாசிக்கும்போது தொப்பி கேட்கவில்லையென்று இடக்கையை ஓங்குவது இதனால்தான். கீழே போய்ச் சேர்வதும் அந்த அடியே. வீட்டார் ஒருவரை வாசிக்க வைத்து, கீழ்வீட்டுக்காரரின் அனுமதியோடு அவர் கூடத்தில் நின்று கேளுங்கள். இடக்கையின் 'தொம்' மட்டும் கேட்டால் விரிப்பைத் தடிமனாக்குங்கள், வலக்கையின் 'நம்' என்பதும் சேர்ந்து கேட்டால் சன்னலையும் கதவையும் பாருங்கள்.