தட்டணு ஆய்வு: குழாயில் தொடங்கும் தவறுகள்

இரண்டாம் வகை சர்க்கரை நோயில் தட்டணுக்களை, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளை, ஆராய ஆண்டுதோறும் முதுநிலை மாணவர்கள் எங்கள் லேபுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் எம்.பி.வி.தான் எடுப்பார்கள், அதாவது தட்டணுவின் சராசரிப் பருமன். பெயர் மாற்றி ஒட்டுவது, ரத்தம் உறைந்துபோவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரத்தம் எடுத்த நேரத்தைக் குறிக்காதது

சர்க்கரை கூடிய உடலில் தட்டணுக்கள் சீக்கிரம் அழிந்து சீக்கிரம் பிறக்கின்றன. இளம் தட்டணுக்கள் பருத்தவை, எளிதில் ஒட்டிக்கொள்பவை. எனவே எம்.பி.வி. கூடினால் ரத்தக்குழாய் அடைப்புக்கான அபாயமும் கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்த்திருக்கும் இ.டி.டி.ஏ.வும் தட்டணுவை உப்ப வைக்கும். தட்டையாக இருந்தது உருண்டையாகிவிடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே எண் ஏறிவிடும்.

என் தீசிஸில் நோயாளிகளுக்கு வெறும் வயிற்றில் காலை ஏழரைக்கு ரத்தம் எடுத்தோம். சாப்பிட்ட பின் எடுக்கும் குழாயும் சேர்ந்த பிறகு, பத்தரைக்குத்தான் எல்லாம் லேபுக்கு வரும். ஒப்பிட எடுத்துக்கொண்டதோ லேப் ஊழியர்களை; அவர்கள் ரத்தம் எடுத்த கையோடு கவுன்டரில், அதாவது ரத்த அணுக்களை எண்ணும் கருவியில், ஓடிவிடும். வித்தியாசம் பளிச்சென்று வந்தது, பி மதிப்பு 0.001-க்கும் கீழே, அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவு. பிறகு ஒருநாள் என் ரத்தத்தையே அரை மணிக்கொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. மூன்றாம் மணி நேரத்தில் என் எண் நோயாளிகளின் சராசரியை எட்டியிருந்தது. ஒன்றரை வருட உழைப்பு வீண்.

சென்ற மாதம் ஒரு மாணவி 120 பேரின் அட்டவணையோடு வந்தார். "எடுத்த நேரம் எங்கேம்மா?" என்றேன். "அதையும் எழுதணுமா சார்?" என்றார். இன்னும் இதைச் சொல்லிக்கொடுக்காமல் இருக்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நோயாளியோ, ஒப்பீட்டுக்கு வந்தவரோ, எல்லாருடைய குழாயையும் ஒரே இடைவெளியில், ஒரே கவுன்டரில் ஓட்டுங்கள். கவுன்டர் மாறினாலே எண் மாறும்.

நீல மூடிக் குழாய் (உறையாமலிருக்க சிட்ரேட் திரவம் உள்ளது) குறையாக நிரம்பினால்

தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

ஃபிரிட்ஜ்

கூடவே கூடாது. குளிர் பட்டால் தட்டணு தானே தூண்டப்பட்டுவிடும்.

"வேற மாத்திரை இல்ல" என்பதை நம்புவது

தட்டணு திரளும் தன்மையைச் சோதிப்பவர்களுக்கு இது. ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள் வரை, அப்படியேதான் இருக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போட்டதைப் பலர் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைத் தனியாகக் கேளுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் போடுபவரை ஆய்வுக்காக நிறுத்தச் சொல்லாதீர்கள். அவரை ஆய்வில் சேர்க்காமல் விட்டால் போதும்.

எண்ணிலிருந்து மருந்துக்குத் தாவுவது

"எம்.பி.வி. கூடியவர்களுக்கு ஆஸ்பிரின் தரலாம்" என்ற வரி அந்த மாணவியின் கடைசி அத்தியாயத்திலும் இருந்தது. 2018-இல் வெளியான பிரிட்டனின் அசெண்ட் ஆய்வு, இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளைச் சராசரியாக 7.4 ஆண்டுகள் கவனித்தது. தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6-இலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 3.2-இலிருந்து 4.1 சதவீதமாகக் கூடியது. அந்த வரியை அடித்துவிட்டேன். நேரத்துக்கென ஒரு நெடுவரிசை சேர்த்துப் புது அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் மறுபடி ரத்தம் எடுக்கிறார்.